அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சொத்தும் பொதுப் பணமும்: புதிய பொருளாளருக்கு ஒரு செய்முறை விளக்கம்

கொங்கு நாட்டு நிலப் பத்திரங்களில் நான்கெல்லையும் எழுதி முடித்த பிறகு, கிணற்றிலும், அதில் பொருத்தியுள்ள மோட்டாரிலும், மின் இணைப்பிலும் பொதுவில் இத்தனை பாகம் பாத்தியம் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மோட்டாரின் காயில் எரிந்தாலும், கிணற்றைத் தூர் வாரினாலும் செலவை அதே பாகப்படி பிரித்துக்கொண்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவருடைய கிரயப் பத்திரத்திலும் இதற்கு இணையான வரி உண்டு. கட்டடம் நிற்கும் மனையில் அவருக்குள்ள பங்கைச் சொல்லும் அதைத்தான் பிரிபடாத பாகம் என்றும், பேச்சு வழக்கில் யு.டி.எஸ். என்றும் சொல்கிறோம். கிணற்றுப் பங்கை மறக்காத நாம், இந்தப் பங்கை வீடு விற்கும் நாள் வரையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

கோவையில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். அந்தப் பொறுப்பை ஏற்றபோது எனக்கு யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பவற்றை, முதல்முறை நிர்வாகத்துக்கு வருபவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எது பொது என்று எழுதி வையுங்கள்

பணத்தைத் தொடுவதற்கு முன்னால் பொதுச் சொத்தின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, திறந்தவெளி வாகன நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், காவலர் அறை ஆகியவற்றைப் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. ஆகவே மேல்மாடி வீட்டுக்காரர் மொட்டை மாடியைத் தம்முடையது என்று சொன்னாலும், கட்டுமான நிறுவனம் திறந்தவெளி நிறுத்தத்தைத் தனியாக விற்றதாகச் சொன்னாலும், பத்திரத்தையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

எங்கள் ஊரில் தண்ணீருக்கென்று இந்தப் பட்டியலில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவது நல்லது. சிறுவாணி அல்லது பில்லூர்க் குடிநீர் வந்து விழும் நிலத்தடித் தொட்டி வேறு, போர் தண்ணீர் நிரம்பும் தொட்டி வேறு. இரண்டுக்கும் மோட்டார் தனி, குழாய்ப் பாதை தனி. எந்த வால்வு எந்தக் குழாய்க்கு உரியது என்பது பெரும்பாலும் பழைய வாட்ச்மேன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர் வேலையை விட்டுப் போவதற்கு முன்பே ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதி, படம் எடுத்து, கோப்பில் சேர்த்துவிடுங்கள். போரின் ஆழம், மோட்டார் இறக்கியிருக்கும் ஆழம், மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கும் இடம் ஆகியவையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கட்டுமான நிறுவனத்திடமிருந்து பெற வேண்டிய ஆவணங்கள் பின்வருமாறு: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணி நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், ஜெனரேட்டர் மற்றும் மோட்டார்களின் உத்தரவாத அட்டைகள், பொது மின் இணைப்பின் ஆவணங்கள். மின் இணைப்பு இன்னும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டமைப்பில் குறை தென்பட்டால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டதை நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது மேற்சொன்ன சட்டத்தின் விதியாகும். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு ஐந்தாண்டுகளைக் கடத்திய குடியிருப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரிசலைத் தங்கள் கைக்காசைப் போட்டுப் பூசினார்கள்.

இரண்டாம் படி: பதிவு, பான் எண், வங்கிக் கணக்கு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி (1975) ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யலாம். அடுக்குமாடி உரிமையாளர்களுக்கென்றே 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது; அதற்கு மாற்றாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது, அதன் துணைவிதிகள் என்ன சொல்கின்றன என்பதைப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். பின்னால் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதில் இருக்கும்.

பதிவுச் சான்று கைக்கு வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கி, வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தீர்மானம் போட்டு வங்கியில் கொடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு முன்பிருந்த பொருளாளர் ஒரு ரூபாயைக்கூடத் தவறாகத் தொடாத மனிதர். சங்கம் பதிவாகாத காலத்தில், வேறு வழியில்லாமல், பொதுப் பணத்தைத் தம் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அந்தக் கணக்கில் இருந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் சட்டப்படி அவருடைய வாரிசுகளின் பணமாகிவிட்டது. துக்கத்தில் இருந்த அவர் மனைவியிடம் போய், அதில் எங்கள் பணம் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மா வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பைசா குறையாமல் திருப்பித் தருவதற்குள் ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரை வாட்ச்மேன் சம்பளத்துக்குக்கூட வீடு வீடாகப் போய் முன்பணம் கேட்டோம். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பொதுப் பணம் தனி ஒருவர் கணக்கில் இருக்கக் கூடாது. அவருடைய குடும்பத்தை முன்னிட்டாவது இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு மாதத் தொகையை முடிவு செய்யுங்கள்

பக்கத்துக் குடியிருப்பில் இவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வைத்து மாதத் தொகையை முடிவு செய்வது தவறு. சென்ற ஆண்டின் பில்களைத் தலைப்புவாரியாகப் பிரித்துக் கூட்டுங்கள். முறை புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கை வைத்துக்கொள்வோம். இதிலுள்ள தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் பில்கள் வேறாக இருக்கும். மாதத்துக்குக் காவல் 30,000, துப்புரவு 12,000, பொது மின்சாரம் 11,000, லாரித் தண்ணீர் 6,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 4,500, சில்லறைப் பழுது 3,000, டீசல் 2,500, கணக்கும் தணிக்கையும் 1,000, இதர செலவு 2,000. கூட்டினால் 72,000 ரூபாய் வரும்.

லாரித் தண்ணீரின் செலவு சித்திரையிலும் வைகாசியிலும் பல மடங்காகிவிடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஐப்பசியில் ஒன்றுமே இருக்காது. ஆகவே பன்னிரண்டு மாதச் செலவையும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்த தொகையைத்தான் எழுத வேண்டும். கோடை மாதத்தில் மட்டும் கூடுதலாகக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கம் சொல்ல நேரிடும்.

பொது மின்சாரத்துக்கும் ஒரு குறிப்பு. அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டணப் பிரிவு வந்தது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023இல் குறைந்த கட்டணம் அறிவிக்கப்பட்டது. உங்களுடையது அந்த வகையைச் சேர்ந்ததென்றால், பில்லில் அந்தச் சலுகை தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, இந்த 72,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி. 1,000 சதுர அடி வீடுகள் 16, 1,300 சதுர அடி வீடுகள் 8 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 26,400 சதுர அடி. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 3,000. சதுர அடிப்படி பிரித்தால் சிறிய வீட்டுக்கு 2,727, பெரிய வீட்டுக்கு 3,545. ஊர் மாரியம்மன் நோன்புக்குத் தலைக்கட்டு வரி போடும்போது, பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் குடிசை வீட்டுக்காரருக்கும் ஒரே தொகைதான். கிணற்றுச் செலவோ பாகப்படி. இரண்டு முறைகளும் நமக்குப் பழக்கமானவை என்பதால் இரண்டு பக்கமும் நியாயம் பேசுவார்கள். பத்திரமும் துணைவிதியும் சொல்வதே முதலில் நிற்கும். அவை இடம் கொடுக்கும் இடத்தில், காவலும் துப்புரவும் வீட்டுக்குச் சமம் என்றும், கட்டடத்தைச் சார்ந்த செலவுகள் சதுர அடிப்படி என்றும் வைப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. எதை ஏற்றாலும் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நான்காம் படி: பெரிய செலவுக்குத் தனி நிதி

மாதச் செலவுக்கு மட்டும் பணம் வாங்கும் சங்கம், வெள்ளையடிக்கும் ஆண்டில் திணறும். நாளைக்கு வரப்போகும் செலவுகளை இன்றைக்கே ஆண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, வெளிப்பூச்சு 6 ஆண்டுக்கு ஒருமுறை 6,00,000 என்றால் ஆண்டுக்கு 1,00,000. மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு 8 ஆண்டுக்கு ஒருமுறை 4,00,000 என்றால் ஆண்டுக்கு 50,000. போர் மோட்டார் 6 ஆண்டுக்கு ஒருமுறை 90,000 என்றால் ஆண்டுக்கு 15,000. லிஃப்டை மாற்ற 20 ஆண்டில் 16,00,000 என்றால் ஆண்டுக்கு 80,000. மொத்தம் ஆண்டுக்கு 2,45,000. மாதக் கணக்கில், 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 773 ரூபாயும் 1,300 சதுர அடி வீட்டுக்கு 1,005 ரூபாயும் வரும்.

வீடு விற்ற காலத்தில் கட்டுமான நிறுவனம் கார்ப்பஸ், அதாவது பிற்காலப் பராமரிப்புக்கான மூலநிதி, என்று வசூலித்த தொகை இருந்தால், அதைக் கணக்கோடு கேட்டு வாங்கி, இந்த நிதியிலேயே வைப்புத்தொகையாகப் போடுங்கள். நடப்புச் செலவுக்குப் பற்றாக்குறை வரும்போது கை இந்தப் பணத்தின் பக்கம்தான் போகும். பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் இதிலிருந்து எடுக்கக் கூடாது என்று துணைவிதியிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

ஐந்தாம் படி: அன்றாடக் கணக்கு

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வவுச்சர், அதன்மேல் பில், அதில் இருவர் கையெழுத்து. வரவு முழுவதும் வங்கி வழியாக வரட்டும். கையில் ரொக்கமாக 3,000 ரூபாய்க்குமேல் வைத்திருக்க வேண்டாம். தண்ணீர் லாரி வந்தால் தேதி, நேரம், எத்தனை லிட்டர் என்று வாட்ச்மேன் நோட்டில் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் வரும் பில்லை அந்த நோட்டோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். 25,000 ரூபாய்க்குமேல் போகும் வேலைக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மாதம் 5ஆம் தேதிக்குள் வரவு, செலவு, வங்கி இருப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்களை நம்பாத வீட்டுக்காரர் ஒருவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து கேட்டால், பத்து நிமிடத்தில் எந்த வரிக்கும் பில்லை எடுத்துக் காட்ட முடிகிற அளவுக்குக் கோப்பு இருக்க வேண்டும்.

ஆறாம் படி: நிலுவை

தொகையைச் செலுத்தும் பொறுப்பு உரிமையாளருடையது. திருப்பூரில் ஒரே நிறுவனம் பல வீடுகளைத் தொழிலாளர்களுக்காக வாடகைக்கு எடுத்திருக்கும். கோவையிலும் ஈரோட்டிலும் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். வாடகைக்காரர் கட்டுவதாக அவர்களுக்குள் பேசிக்கொண்டிருக்கலாம். சங்கத்தின் அறிவிப்பு உரிமையாளருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மாதம் தவறினால் நேரில் சொல்லுங்கள், மூன்று மாதம் தவறினால் பதிவுத் தபாலில் எழுதுங்கள். குடிநீரை நிறுத்துவதோ லிஃப்டைத் தடுப்பதோ வேண்டாம். நோயாளியும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு அது கொடுமை. சட்டத்தின் முன்னும் சங்கத்தைக் குற்றவாளியாக நிறுத்திவிடும். பண வசூலுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு 3 ஆண்டுகள் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்துக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு உரிமையாளர் எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து வரம்பு புதிதாகத் தொடங்கும். ஆகவே தவணை கேட்டு வருபவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஏழாம் படி: வரி

உறுப்பினர்கள் கொடுக்கும் சந்தா சங்கத்தின் வருமானம் ஆகாது. ஆனால் வங்கி வைப்புத்தொகையின் வட்டி வரிக்கு உட்பட்டது என்பதை, பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒப்பந்ததாரருக்குத் தரும் தொகை ஒரே முறையில் 30,000 ரூபாயையோ ஆண்டில் 1,00,000 ரூபாயையோ தாண்டினால் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். தனிநபருக்கு 1 விழுக்காடு, நிறுவனத்துக்கு 2 விழுக்காடு. மேற்கண்ட மாதிரிக் கணக்கில் காவல் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3,60,000 போவதால் பிடித்தம் கட்டாயம். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, ஒரு வீட்டின் மாதத் தொகை 7,500 ரூபாய்க்கு மிகாத வரை அதற்கு விலக்கு உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சங்கம் பதிவு செய்யவும் தேவையில்லை. இந்தப் படியை மட்டும் நீங்களே செய்ய முயலாமல் ஓர் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: பொதுக்குழுவும் ஒப்படைப்பும்

ஆண்டுக்கு ஒருமுறை, தணிக்கை செய்த கணக்கைக் கூட்டத்துக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் அனுப்பிவைத்து, கூட்டத்தில் ஒவ்வொரு தலைப்பாகப் படியுங்கள். நிறைவேறிய தீர்மானங்களை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள்.

பதவிக்காலம் முடிந்து விலகும்போது, அடுத்தவரிடம் காசோலைப் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவுச் சான்று, பான் அட்டை, வைப்புத்தொகை ரசீதுகள், ஒப்பந்தங்கள் முடியும் தேதிகள், வீடுவாரியான நிலுவை, வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்கான தீர்மான நகல், வரித்துறை இணையதளத்தின் கடவுச்சொல் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய பொருளாளரை ஒரு காலைப் பொழுதில் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து நிலத்தடித் தொட்டி வரை நடந்து, எண் எழுதிய ஒவ்வொரு வால்வையும் அவர் கையாலேயே ஒருமுறை திறந்து மூடச் சொல்லுங்கள்.