லினக்ஸ் தேர்வு: புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் ஓடும் பழைய கம்ப்யூட்டர்களில் பல, விண்டோஸ் 11-க்குத் தேறாது. அதற்காக, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற நினைப்பது சரிதான். ஆனால் லினக்ஸில் பல வகை உண்டு; எந்த லினக்ஸ் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

யூடியூப் பார்த்துவிட்டுக் காளி லினக்ஸைப் போடுகிற பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது; லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டிய ஆர்ச் லினக்ஸும் முதல் லினக்ஸாக வேண்டாம். என்னைக் கேட்டால் லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் சின்னமன் பதிப்பு சிரமம் தராது. ரேம் 4 ஜிபி-க்கும் குறைவு என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் வீட்டில் தூங்கினால் அதிலேயே பழகலாம். (அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ!)

'புதுசுதான் நல்லது' என்று உபுண்டு என்ற லினக்ஸின் இடைக்காலப் பதிப்பை எடுப்பது இன்னொரு தவறு. அதற்கு ஆதரவு 9 மாதம்தான். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டுகள், உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸும் அதன்மேல் கட்டிய மின்ட் 22-ம் 2029 வரை ஓடும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் அடிக்கடி புதுப் பதிப்பை இறக்காமல் இருப்பது பெரிய விஷயம். மின்ட் கோப்பு ஒன்றை இறக்கவே சுமார் 3 ஜிபி ஆகும், அன்றைய டேட்டா அதோடு காலி.

பிழைப்பே கம்ப்யூட்டரில் என்றால் முதலில் பிரிண்டரைப் பாருங்கள். கடைகளில் அதிகம் தென்படும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. எச்பி மாடல்கள் பெரும்பாலும் எச்பிலிப் என்ற டிரைவர் மென்பொருள் மூலம் சுலபமாக ஓடும். அடுத்தது தமிழ். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை அந்த எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஆபீஸில் (எம்எஸ் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்) படிக்கலாம்; ஆனால் ஜிமெயிலிலோ அரசு இணையதளத்திலோ ஒட்ட யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். புதிதாக அடிப்பதற்குத் தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். டாலி, ஃபோட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வரவு செலவு டாலியில் என்றால் ஒரு கம்ப்யூட்டரையாவது விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் நிறுவாமலே சோதிக்கலாம். பென் டிரைவிலிருந்து லைவ்வாக ஏற்றி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். வைஃபை வரவில்லையா? போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வரும், டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், நிறுவும்போது 'டிஸ்க்கை முழுவதும் அழி' என்பதை அவசரத்தில் அழுத்தினால் கல்யாண போட்டோவும் சேர்ந்தே போகும். வேறொரு டிரைவில் பிரதி எடுத்து, அதைத் திறந்து பார்த்த பிறகு தொடங்குங்கள்.