கிண்டியிலிருந்து கடற்கரை வரை: மிரளும் குதிரையோடு தடை தாண்டுதல்

சிண்டு மிரண்டது தடையைப் பார்த்து இல்லை, ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து. தடை 60 சென்டிமீட்டர் உயரம் உள்ள போட்டி. எங்கள் லாயத்தில் 90-ஐ அரைத் தூக்கத்தில் தாண்டுகிறவன். அன்று மூன்றாவது தடைக்குப் பக்கத்தில் யாரோ அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சிண்டு நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. தடைக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தேன். விழுந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது, திரும்ப ஏறித் தொடர முடியாது.

சிண்டு பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. நெற்றி மயிர் எப்போதும் நட்டுக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். இரண்டு வருடமாக அவனோடு ஆரம்ப நிலைப் போட்டிகளில் பட்டதைத்தான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலில்: குதிரை திடீரென்று மிரள ஆரம்பித்திருந்தால் முதுகு, பல், சேணம் மூன்றையும் கால்நடை மருத்துவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். வலியைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

உயரத்தில் கௌரவம் பார்க்காதீர்கள். லாயத்தில் தாண்டுவதைவிட 20, 30 சென்டிமீட்டர் குறைவாகவே பெயர் கொடுங்கள். 60 என்றால் குதிரை தயங்கித் தயங்கி ட்ராட்டில் (மெதுவோட்டத்தில்) வந்தாலும் தாண்டிவிடும், வேகத்தை நம்ப வேண்டியதில்லை. முடிந்தால் முதல் தடவை பெயரே கொடுக்காமல் அழைத்துப் போங்கள். லாரியில் ஏற்றி, மைக் சத்தத்தில் இரண்டு மணி நேரம் புல் தின்னவைத்துத் திரும்பக் கூட்டி வாருங்கள். அவனுக்குப் பயம் இடத்தின் மேல்தான், கட்டையின் மேல் இல்லை.

நாற்காலிக்கு வருகிறேன். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலம், மஞ்சள், வெள்ளை நன்றாகத் தெரியும். பிரிட்டனில் பந்தயத் தடைகளில் இருந்த ஆரஞ்சு நிறத்தை 2022-இல் வெள்ளையாக மாற்ற ஆரம்பித்ததே இதனால்தான். அப்புறம்தான் எங்கள் மணல் திடலில் நீலத் தார்ப்பாய், பழைய ஃபிளெக்ஸ் பேனர், அம்மாவின் குடை எல்லாம் வந்து சேர்ந்தன. எதைக் காட்டினாலும் இரண்டு பக்கமிருந்தும் காட்டுங்கள். இடது பக்கமாகப் போகும்போது சாதுவாகக் கடந்த குடையை, திரும்பி வரும்போது வேறு கோணத்தில் பார்த்தால் அது அவனுக்குப் புதுக் குடை.

போட்டியன்று காலையில் களத்தை நடந்து பார்க்க விடுவார்கள். எல்லோரும் காலடி எண்ணுவார்கள். இரண்டு தடைக்கு நடுவே மூன்றடி நீளத்தில் 20 எட்டு என்றால், இறங்க இரண்டு, எழும்ப இரண்டு போக, மீதி 16-இல் குதிரைக்கு நான்கு கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) தாவல். எண்ணுங்கள், ஆனால் நீங்கள் தேட வேண்டியது வேறு. எந்தத் தடை வாசலைப் பார்த்து நிற்கிறது? அதற்குக் குதிரை ஓடும். எது வாசலுக்கு முதுகு காட்டுகிறது? அங்கே வாசல் பக்கமே இழுக்கும், காலால் கூடுதலாக அணைக்க வேண்டும். ஸ்பீக்கர் எங்கே, பேனர் எங்கே ஆடுகிறது, யார் குடையோடு உட்காரப் போகிறார்கள்?

வார்ம்-அப் திடலில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து நுழையுங்கள். எதிரே வருபவரை இடதுகைக்கு இடதுகையாகக் கடங்கள். தாண்டும் முன் எந்தத் தடைக்கு வருகிறீர்கள் என்று கத்திச் சொல்லுங்கள். தாண்டும்போது தடையின் சிவப்புக் கொடி உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆறேழு தாண்டலுக்கு மேல் வேண்டாம். சிண்டுவுக்கு நான் பதினைந்து தாண்டவைத்த நாளில் களத்துக்குள் போவதற்குள்ளேயே நுரை தள்ளிவிட்டது. கூப்பிடும் வரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நடத்திக்கொண்டே இருங்கள்.

மணி அடித்ததும் 45 விநாடி உங்களுடையது. அவசரமாகத் தொடக்கக் கோட்டுக்கு ஓடாதீர்கள். சந்தேகமான தடைக்குப் பக்கமாக ட்ராட்டில் கடந்து போங்கள். நிறுத்தி மோந்து பார்க்க மட்டும் விடாதீர்கள், விதி அனுமதிக்காது. காதைப் பாருங்கள்: ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் கேட்கிறான் என்று அர்த்தம். இரண்டும் விறைத்து, கழுத்து தூக்கி, அவன் நெஞ்சு அடிப்பது உங்கள் கெண்டைக்காலில் தெரிந்தால், இன்னொரு வட்டம் போட நேரம் இருக்கிறது.

கை விஷயம் முக்கியம். பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது "ஓடு" என்ற கட்டளை. பயத்தில் நீங்கள் இழுக்க இழுக்க அது பறக்கும். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய அங்கவடி வாரைக் கட்டிவையுங்கள். பதற்றமானால் லகானில் தொங்கி அவன் வாயை இழுக்காமல் அதைப் பிடிக்கலாம். லகானைப் பிடித்து உடனே விடுங்கள், திரும்பப் பிடித்து விடுங்கள்.

அப்புறம் மூச்சு. நான் தடைக்கு முன் மூச்சை அடக்கிவிடுவேன், சிண்டுவும் உடனே விறைப்பான். எங்கள் மாஸ்டர் பாடச் சொன்னார். எனக்குப் பாட்டு வராது. மின்சார ரயில் ஸ்டேஷன்களைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடைக்குக் கிண்டி, இரண்டுக்குச் சைதாப்பேட்டை, பிறகு மாம்பலம், கோடம்பாக்கம். பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. எத்தனையாவது தடை என்பதும் மறக்காது.

குதிரை தடை முன் நின்றுவிட்டால் நான்கு ஃபால்ட் (தண்டப் புள்ளி). சர்வதேச விதியில் இரண்டாவது தடவை நின்றால் வெளியேற்றம். ஆரம்ப நிலைப் போட்டிகளில் இன்னொரு வாய்ப்பு இருக்கலாம், அட்டவணையை முன்கூட்டியே படியுங்கள். கோபத்தில் சாட்டையைத் தூக்காதீர்கள். அடித்தால் "அந்தத் தடை வலிக்கும்" என்றுதான் அவனுக்குப் புரியும். பெரிய வட்டமாகத் திரும்பி, ட்ராட்டில், தடையின் நடுவைப் பார்த்து வாருங்கள். சரிப்படவில்லையா, கையைத் தூக்கி வெளியே வந்துவிடுங்கள். வார்ம்-அப் திடலில் ஒரு சின்னக் குறுக்குக் கட்டையைத் தாண்டவைத்து, அன்றைய வேலையை அதோடு முடியுங்கள்.

போன போட்டியில் சேத்துப்பட்டில் ஒரு கட்டை, கோட்டையில் ஒரு கட்டை விழுந்தது. எட்டு ஃபால்ட், ஆனால் கடற்கரை வரை போய்ச் சேர்ந்தோம். வெளியே வந்ததும் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் வாரைத் தளர்த்தி ஒரு வெல்லக் கட்டி கொடுத்தார். மென்றுகொண்டே லாரி வரைக்கும் சாதுவாக வந்தவன், ஓரமாக நின்ற மஞ்சள் குப்பைத் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டான். லாரியில் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது.