ரியர் ஸ்வே பார் வீட்லயே மாத்த போறீங்களா? இதெல்லாம் பண்ணிடாதீங்க

ரியர் ஸ்வே பார்னா, வளைவுல வண்டி சாயறத குறைக்க பின் சக்கரம் ரெண்டையும் இணைக்கிற இரும்பு ராடு. அத ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில ஒருவாட்டி குனிஞ்சு பாத்துடுங்க. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 இதுக்கெல்லாம் பின்னாடி டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்து புடிக்கிற ஒரே குறுக்கு பீம், கழட்டி மாத்துற மாதிரி தனி பார் பொதுவா இருக்காது.

அடுத்து சைஸ். 17 எம்எம்-க்கு பதிலா 19 எம்எம், வெறும் 2 எம்எம் தானேன்னு தோணும், ஆனா உள்ள ஓட்டை இல்லாத கெட்டி ராடுல விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும், கணக்கு போட்டா 56 சதவீதம் கிட்ட கூடிடும். ஃப்ரண்ட் வீல் டிரைவ் வண்டி வளைவுல வெளிப்பக்கமா தள்ளிட்டு போறத இது குறைக்கும், வாஸ்தவம் தான். அதுக்குன்னு ஒரேயடியா தடிமனா போட்டா மழை ரோட்ல பின்பக்கம் வழுக்கிட்டு வரும்.

இப்ப ஜாக்கி. இதுல தான் நிறைய பேர் சொதப்புறாங்க. பின்னாடி தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டாச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, முக்காவாசி கார்ல அது பின் சக்கரத்தை தான் புடிக்கும், அந்த சக்கரமோ அந்தரத்துல தொங்குது! முன் சக்கரம் ரெண்டுக்கும் கட்டை வைங்க, ஃப்ரண்ட் வீல் டிரைவ்னா கியர்லயும் போட்டு வைங்க. வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்கவே படுக்காதீங்க, ஸ்டாண்ட் வேணும். ஒரு பக்கம் மட்டும் தூக்குறதும் தப்பு. ஒரு சக்கரம் மேல ஒண்ணு கீழன்னு இருந்தா பார் முறுக்கிக்கிட்டு நிக்கும், லிங்க் (பாரோட முனைய சஸ்பென்ஷனோட சேர்க்கிற சின்ன ராடு) நட்டு கழண்ட உடனே படார்னு கைய பதம் பாத்துடும். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இருந்தா லிங்க் தானா லூசா வரும்.

லிங்க் நட்டு சுத்தும்போது உள்ள பின்னும் கூடவே சுத்துதா? முனையில அலன் கீ போட்டு புடிச்சிக்கிட்டு ஸ்பானரால திருப்புங்க, பலத்த காமிச்சா லிங்க் முனையில இருக்கற பால் ஜாயின்ட்டோட ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சிடும். துரு புடிச்ச வண்டின்னா முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு விட்ருங்க.

பழைய புஷ்ஷ (பிராக்கெட்டுக்குள்ள பார சுத்தி புடிக்கிற மெத்து வளையம்) புது பாருக்கு போடாதீங்க, தடிமன் மாறினா ஓட்டையும் மாறணும். பாலியூரித்தேன் புஷ்னா சிலிகான் கிரீஸ் தடவி தான் மாட்டணும், இல்லன்னா ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் கீச்சுனு கத்தும். வீட்ல கெடக்குற சாதா கிரீஸ ரப்பர் புஷ்ல பூசினா ரப்பர் ஊதிப்போயிடும்.

பிராக்கெட் போல்ட்ட முதல்ல கையால நாலு சுத்து ஏத்துங்க, எடுத்த எடுப்புல இம்பாக்ட் கன் வச்சு விட்டா மரை போச்சு, அது சப்ஃப்ரேம்ல (வண்டிக்கு அடியில இருக்கற இரும்பு சட்டம்) ஒட்டின நட்டுன்னா செலவு எங்கயோ போயிடும். ரப்பர் புஷ் உள்ள லிங்க்க சக்கரம் தரையில இருக்கும்போது தான் கடைசியா டைட் பண்ணணும், எவ்ளோ டைட்ங்கற அளவு மேனுவல்ல இருக்கு, அந்த அளவுக்கு டைட் பண்ற டார்க் ரெஞ்ச்ச யார்கிட்டயாவது கடன் வாங்கியாவது பண்ணுங்க.

பார்ல லிங்க் மாட்ட ரெண்டு மூணு ஓட்டை இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டை தான், நுனில இருக்கறது சாஃப்ட், அதுலேர்ந்து ஆரம்பிங்க. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், சைலன்சர் எதுலயும் பார் உரசலியான்னு பாத்துட்டு தான் வண்டிய எடுக்கணும். ஒரு 100 கிமீ ஓட்டிட்டு நட்டெல்லாம் மறுபடி செக் பண்ணுங்க. வேற எதையும் கழட்டலன்னா இதுக்காக வீல் அலைன்மென்ட் தேவையில்ல, யாராவது வேணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க.