கூடத்தில் பாய் விரிக்க இடம்: வீட்டாரோடு சேர்ந்து வீட்டை ஒழுங்குபடுத்தும் முறை

வீட்டில் பொருள்கள் மிகுந்துவிட்டன என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் திறப்பது பீரோவை. அல்லது ஏணி வைத்து ஏறுவது பரணில். என் அனுபவத்தில் இரண்டுமே தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. பரணில் கிடப்பது தூசியைச் சேர்க்கும். ஆனால் வீட்டார் ஒன்றாக உட்கார முடியாமல் செய்வது அது அன்று. சாப்பாட்டு மேசையின் மீது குவிந்திருக்கும் செய்தித்தாள்களும், பாதி பிரித்த கூரியர் உறைகளும், மாத்திரை அட்டைகளும், சோபாவில் மலைபோல் கிடக்கும் மடிக்காத துணிகளும்தான் அதைச் செய்கின்றன. எங்கள் வீட்டில் ஆறு பேர் அமரக்கூடிய மேசையில் பல ஆண்டுகளாக இருவருக்கு மட்டுமே இடம் இருந்தது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிடப் பழகிவிட்டிருந்தோம்; அதற்குக் காரணம் அவரவர் வேலை நேரம்தான் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தோம். மேசை காலியான வாரத்திலேயே, யாரும் யாரையும் அழைக்காமல், இரவு உணவுக்கு நால்வர் சேர்ந்து அமரத் தொடங்கினோம்.

எனவே இங்கே நான் சொல்லப்போகும் முறையின் நோக்கம் அழகான வீடு அன்று. வேண்டியவர்கள் வந்து அமர்வதற்கும், அமர்ந்தவர்கள் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருப்பதற்கும் இடம் உண்டாக்குவதே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, 724 ஆண்களின் வாழ்க்கையை இளம் வயது முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. இப்போது அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்கிறது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் மிகுந்த உடல்நலத்தோடு இருந்தார்கள் என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குழந்தைகளோடு வாழ்ந்த தம்பதியரிடம் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், தம் வீடு பொருள்கள் நெருக்கியும் வேலைகள் முடியாமலும் கிடக்கிறது என்று விவரித்த பெண்களுக்கு, காலையில் உயர்ந்து மாலைக்குள் தணிய வேண்டிய மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் உரிய அளவு தணியவில்லை என்று கண்டார்கள். கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. பொருள்கள் எல்லாருடையவையாக இருந்தாலும் அவற்றின் பாரம் ஒருவர் தலையில்தான் இருக்கிறது. ஆகவே ஒழுங்குபடுத்தும் வேலையை வீட்டுப் பெண்மணியின் விடுமுறைநாள் வேலையாக ஆக்கிவிடாமல் எல்லாரும் பங்கிட்டுக்கொள்வது, இந்த முறையின் முதல் நிபந்தனை.

முதலில் உட்காரும் இடம்

வீட்டார் அதிகம் கூடும் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்: சாப்பாட்டு மேசை, ஊஞ்சல், கூடத்தின் தரை, திண்ணை, எதுவானாலும் சரி. அதன் மீதுள்ள அனைத்தையும் எடுத்துத் தரையில் பரப்பி, மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்திலேயே அன்றாடம் பயன்படும் பொருள்களை மட்டும் திரும்ப வையுங்கள். சாப்பாட்டு மேசை என்றால் தண்ணீர்க் குடுவை, உப்பு, ஊறுகாய் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும். மற்றவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு பொருள் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப வந்து குவிகிறது என்றால், அதற்கு வேறு வீடு இல்லை என்று பொருள். ரசீதுகளுக்கு வாசலருகே ஒரு தட்டும், சாவிகளுக்கு ஒரு கொக்கியும், மாத்திரைகளுக்கு அவரவர் பெயர் ஒட்டிய ஒரு டப்பாவும் வைத்துவிட்டதும், எங்கள் மேசையில் குவிந்தவற்றில் பெரும்பகுதி குவியாமலே போயிற்று.

ஒரு வாரம் அந்த இடத்தை மட்டும் காத்து வாருங்கள். வேறெதையும் தொட வேண்டாம். காலியான இடத்தின் சுகத்தை வீட்டார் அனுபவித்த பிறகு, அடுத்த இடத்துக்கு நீங்கள் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டாவது இடமாக அவர்களுடைய கட்டிலிலிருந்து குளியலறை வரையிலான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் எழுந்து நடக்கையில் காலில் தட்டும் ஸ்டூல், சுருண்ட மிதியடி, நீட்டிக் கிடக்கும் மின்வயர் ஆகியவற்றால் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் நம் எல்லார் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அரைமணி நேரம் போதும்.

கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்

திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்து, மார்கழிக் கடைசியில் பரணை இறக்கியபோது, அடி நசுங்கிய ஒரு பித்தளைத் தூக்கை மற்றப் பழைய பாத்திரங்களோடு சேர்த்துக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். மாலையில் விவரம் தெரிந்தபோது அத்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவர் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்த நாட்களில், அவருடைய தந்தை அந்தத் தூக்கில்தான் நாள்தோறும் பேருந்து ஏறிக் கஞ்சி கொண்டுவந்தார் என்பதைப் பிறகு நாத்தனார் சொல்லி அறிந்தேன். கடைக்கு ஓடினேன், தூக்கு உருக்கப் போய்விட்டிருந்தது. அந்த இழப்பை என்னால் ஈடுசெய்ய முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: அவரவர் பொருளை அவரவர்தான் கழிக்க வேண்டும், பிறருடையது எவ்வளவு பழையதாக இருந்தாலும், கையில் எடுத்துக்கொண்டுபோய்க் கேட்ட பிறகே முடிவு.

கேட்கும் விதமும் முக்கியம். ‘இது இனி வேண்டுமா?’ என்று கேட்டால் பெரியவர்கள் ‘இருக்கட்டும்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியிலேயே ஒரு தீர்ப்பு இருப்பதை அவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். ‘அத்தை, இது யார் வாங்கித் தந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும். கதையைச் சொல்லி முடித்த பிறகு, பாதிப் பொருள்களை அவர்களே எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அவர்கள் காத்து வந்தது பெரும்பாலும் அந்த நினைவைத்தான் என்பதும், அதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் பொருளை விட்டுவிட அவர்களுக்குத் தடையில்லை என்பதும் எனக்குப் பல முறை தெளிவான உண்மை. மீதியுள்ளவற்றுக்கு அவர்களுக்கென்றே ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கிக் கொடுங்கள். அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். ரேஷன் வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிய தலைமுறை, ஒரு காலி டின்னைக்கூட எறியத் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

பெயர் வெட்டிய கல்யாணப் பாத்திரங்கள் பெரும்பாலான வீடுகளில் பரணின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது விசேஷத்துக்கு இறக்கப்படும் அண்டா, தாம்பாளம் போன்றவை இருக்கட்டும். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் அண்ணன் மகளுக்கோ தங்கை மகனுக்கோ எவர்சில்வர் சம்படங்களைக் கொடுக்கும்போது, பெயரைத் தேய்த்து அழிக்காமல் அப்படியே கொடுங்கள்; பாட்டியின் பெயர் வெட்டிய சம்படத்தில் பருப்பு எடுக்கும் பெண்ணுக்குப் பாட்டியை அறிமுகம் செய்ய வேறொன்றும் தேவையில்லை. பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே பூசிய ஈயம் தேய்ந்திருந்தால் புளி, தயிர் போன்ற புளிப்பானவற்றைச் சமைக்கவோ ஊற்றி வைக்கவோ கூடாது, களிம்பு ஏறும். மீண்டும் ஈயம் பூச ஆள் கிடைக்கவில்லை என்றால், செடி வைக்கவோ வாசலில் பூ மிதக்கவிடவோ பயன்படுத்தலாம்.

விசேஷங்களில் கிடைத்த தாம்பூலப் பைகளும் கட்டைப்பைகளும் எல்லார் வீட்டிலும் ஒரு மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டுக் கிடக்கின்றன. நல்லவற்றில் பத்தை எடுத்துக்கொண்டு, மீதியைத் தெருமுனைக் காய்கறிக் கடைக்காரரிடம் கொடுங்கள். பை கொண்டுவராமல் வருபவர்களுக்கு அவர் கொடுத்துவிடுவார்.

பிள்ளைகளின் பொருள்கள்

பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போது அவர்களுடைய விளையாட்டுச் சாமான்களை அப்புறப்படுத்துவதும், நான் தூக்கை எடைக்குப் போட்டதும் ஒரே தவறுதான். ஐந்து வயதுக் குழந்தையால்கூடத் தேர்வுசெய்ய முடியும். ஆனால் ‘எதைத் தூக்கிப் போடலாம்?’ என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். ‘எதையெல்லாம் முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்?’ என்று கேட்டு, ஒரு கூடை நிறையும்வரை எடுக்கச் சொல்லுங்கள். மீதியை ஒரு பெட்டியில் இட்டு இரண்டு மாதம் கண்ணில் படாமல் வையுங்கள். அந்த நாட்களில் குழந்தை பெயர் சொல்லிக் கேட்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்காதவற்றை அருகிலுள்ள அங்கன்வாடிக்கோ தெருவிலுள்ள சிறு பிள்ளைக்கோ குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். பள்ளி நோட்டுகளையும் ஓவியங்களையும் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரு கோப்பு என்ற அளவு போதும். அதில் எதை வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.

காகிதங்கள்

காகிதங்களைப் பிரிக்கும் வேலையைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். வீட்டுப் பத்திரம், பட்டா, காப்பீட்டுப் பத்திரங்கள், வங்கி வைப்பு ரசீதுகள், பிறப்பு, திருமணச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நியமனதாரர் (நாமினி) யார் என்பதை ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். வீட்டுத் தலைவர் திடீரென்று மறைந்த பிறகு, துக்கத்தோடு துக்கமாகப் பீரோவைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு தாள், பல பரிசுகளைவிடப் பெரிய அன்பு. உத்தரவாதக் காலம் முடிந்த மிக்சி, மின்விசிறி ஆகியவற்றின் அட்டைகளும், வீட்டில் இல்லவே இல்லாத பொருள்களின் கையேடுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் உள்ளவற்றை மட்டும் கிழித்துப் போடுங்கள். பெட்டிக்குள் நாலைந்து வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆண்டுக்கு இருமுறை காகிதங்களைக் காற்றாட எடுத்து வைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்கும்.

வெளியேறும் பொருள் எங்கே போகிறது?

போகியன்று பழையவற்றை எரிப்பது வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கம் பாயும் துடைப்பமும் ஓலையும் எரிந்த காலத்தது. டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் எரியும்போது எழும் நச்சுப்புகை முதலில் போவது நம் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள். எடைக்குப் போடக்கூடியதை எடைக்குப் போடுங்கள். துவைத்து மடித்த, பொத்தான் உதிராத துணிகளை மட்டுமே பிறருக்குக் கொடுங்கள். நைந்த பருத்திப் புடவையும் வேட்டியும் பிறந்த குழந்தைக்கு விரிக்கவும் வீடு துடைக்கவும் உதவும். பழைய கைப்பேசி, மின்கலம், குழல்விளக்கு ஆகியவற்றைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு பெறும் இடங்களில் ஒப்படையுங்கள். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது. மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த தொட்டி, கொட்டாங்கச்சி, டயர் ஆகியவற்றை எந்த மாதமானாலும் உடனே அகற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் ஒன்றரை வாரத்துக்குள் முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைந்துவிடுகிறது.

நாள்தோறும் பத்து நிமிடம்

ஒருமுறை காலியான இடம் தானாகக் காலியாகவே இருந்துவிடாது. இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம் எல்லாரும் எழுந்து, தத்தம் பொருள்களை எடுத்து அதனதன் இடத்தில் வைப்பதை வழக்கமாக்குங்கள். நாங்கள் வானொலியில் இரண்டு பாட்டு முடியும்வரை என்று கணக்கு வைத்திருக்கிறோம். யார் எதைச் செய்யவில்லை என்ற பேச்சு அந்த நேரத்தில் எழக் கூடாது. பிறகு கூடத்தில் பாயை விரித்து, கைப்பேசிகளை ரசீதுத் தட்டிலேயே விட்டுவிட்டு, அரைமணி நேரம் உட்காருங்கள். முதல் சில நாள் பேச ஒன்றும் இல்லாததுபோல இருக்கும். அமைதியாக இருந்தாலும் எழுந்து போகாதீர்கள். எங்கள் மகன் தன் வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து தன்னைக் கேலி செய்வதைப் பற்றிச் சொன்னது, ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில், தாத்தாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தபோதுதான்.

புகைப்படங்கள் கடைசியில்

புகைப்படப் பெட்டியை எல்லாம் முடிந்த பிறகு திறக்க வேண்டும். முதலில் திறந்தால் அன்று வேறு வேலை நடக்காது. அதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி, வீட்டின் மூத்தவரை நடுவில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரே காட்சி பல முறை எடுக்கப்பட்டிருந்தால் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்புங்கள். தம்மிடம் இல்லாத தம் பழைய படத்தைப் பெறுபவர் கட்டாயம் தொலைபேசியில் அழைப்பார். படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும், பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் படத்தில் தடமாக விழும். ஒட்டிக்கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க முயல வேண்டாம். சன்னலோர வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாதபடி வைத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். பெரியவர் சொல்லச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை அதே கைப்பேசியில் அவருடைய குரலைப் பதிவுசெய்யட்டும்.

யார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாத முகங்கள் சில எஞ்சும். அவற்றை ஓர் உறையில் இட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயது எண்பதை எட்டியிருக்கும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த உறையை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.