சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பதகளிப்பின்றி ஆயத்தமாவது எப்படி?

கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுத எண்ணும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர்களிற் பெரும்பாலானோர் முழுநேர மாணவர்கள் அல்லர். பகலில் பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, இரவில் பிள்ளைகள் உறங்கிய பின்னர் புத்தகத்தைத் திறப்பவர்களே அதிகம். அவர்களிடம் ஓய்வெடுங்கள், யோகாசனம் செய்யுங்கள் என்று மட்டும் சொல்வதிற் பயனில்லை. இப்பரீட்சைக்கான பதகளிப்பின் பெரும்பகுதி, எதைப் படிப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமையிலிருந்து வருவது என்பதே என் அனுபவம். ஆகவே படிப்பை ஒழுங்குசெய்வதையும் மனத்தை ஆற்றுவதையும் ஒரே வேலையாகவே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வதந்திகளை ஒதுக்கிவிட வேண்டும். "இனி எல்லாம் ஆங்கிலத்தில்தானாம்" என்ற பேச்சு இன்றும் எங்கள் பக்கத்தில் அடிபடுகிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கில மொழிக்கு மட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியானது உண்மை. ஆனால் 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றை நிராகரித்தது. மொழிமூலம், தகைமை, வயது, கட்டணம் ஆகிய எதுவாயினும் அவ்வாண்டுக்குரிய வர்த்தமானி அறிவித்தலை ஒருமுறை வரிவரியாக வாசித்து, திகதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், வட்ஸ்அப் குழுக்களில் வரும் பாதிச் செய்திகளைத் திறக்கவே தேவையிருக்காது.

பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது: ஒன்று மொழி, மற்றையது பொது அறிவும் நுண்ணறிவும். தமிழ்மூலம் தோற்றுபவர்கள் செய்யும் பெருந்தவறு, மொழி நம்முடையதுதானே என்று முதலாவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவதாகும். என்னுடைய முதல் முயற்சி அப்படித்தான் வீணாயிற்று. பொது அறிவுக்கு மூன்று மாதம் செலவிட்ட நான், சுருக்கம் எழுதும் பயிற்சியை ஒருநாளேனும் செய்யவில்லை. மண்டபத்தில் அந்தப் பந்தியை மூன்று முறை அழித்து எழுதியதில் கட்டுரைக்கு இருபது நிமிடம்கூட மிஞ்சவில்லை. கைநடுக்கம் தொடங்கியது அதன் பின்னர்தான்.

சுருக்கம் என்பது சொற்களை வெட்டும் வேலையன்று, கருத்துகளின் தரத்தை நிறுக்கும் வேலை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "மட்டக்களப்பு வாவியின் கரையோரங்களில் வளர்ந்திருந்த கண்டல் தாவரங்கள் விறகுக்காகவும் இறால் பண்ணைகள் அமைப்பதற்காகவும் வெட்டப்பட்டமையினால், மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளர்வதற்கான இடங்கள் குறைந்து, வாவியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களின் வருமானமும் வீழ்ச்சியடைந்துள்ளது." இதில் 23 சொற்கள் உள்ளன. மூன்றிலொன்றாக்குவதானால் எட்டுச் சொற்களே கிடைக்கும். விறகும் இறால் பண்ணையும் காரணத்தின் விவரங்கள், அவை போகலாம். ஆனால் காரணம், விளைவு, அவ்விளைவின் விளைவு என்ற மூன்று கண்ணிகளில் ஒன்றுகூட அறுபடக்கூடாது. "வாவியில் கண்டல் அழிக்கப்பட்டதால் மீன்வளம் குன்றி, மீனவர் வருமானமும் குறைந்தது" என்பது எட்டுச் சொற்களில் மூன்றையும் தாங்கி நிற்கிறது. நாளிதழின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றிலிருந்து ஒரு பந்தியை எடுத்து, நாளுக்கு ஒன்றாக, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு இவ்வாறு சுருக்கிப் பழகினால், ஆறு வாரத்தில் கை தானாகவே அளவறிந்து எழுதும். கட்டுரைக்கும் வாரம் ஒருமுறையாவது பேனையால் தாளில் எழுதுங்கள். கைபேசியில் தட்டெழுதிப் பழகிய விரல்கள் மண்டபத்தில் அரைமணி நேரத்திலேயே உளையத் தொடங்கும்.

பொது அறிவில் மனத்தை அதிகம் களைப்படையச் செய்வது அதன் கரையின்மை. நாடுகளும் தலைநகரங்களும் நாணயங்களும் என்று மனனம் செய்யப் புறப்பட்டால் முடிவே இராது. தனித்தனித் தகவல்களாகச் சேர்க்காமல், ஒன்றையொன்று இழுத்துவரும் சங்கிலிகளாகப் படிப்பது எனக்குப் பலன் தந்தது. நம்முடைய ஊரையே எடுத்துக்கொள்ளலாம்: 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகியது, 1987இல் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது, 1988இல் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லாது என்றது, 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமாக இயங்கத் தொடங்கி, 2008 மே மாதத்தில் அதற்கென முதலாவது மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. இந்த ஒரு சங்கிலியைப் பிடித்தால் அரசியலமைப்பு, நீதித்துறை, தேர்தல் ஆகிய மூன்று பிரிவுகளுக்குள்ளும் கால்வைத்துவிடலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டது என்று படிக்கும்போது, மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற தாய்வழி மரபு ஒரு காலத்தில் வழக்கிலிருந்ததையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் இரண்டும் மறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். யூடியூப்பில் தமிழில் கிடைக்கும் பொது அறிவுப் பாடங்களில் மிகப்பல தமிழ்நாட்டுப் பரீட்சைகளுக்குரியவை. அங்கே "உயர் நீதிமன்றம்" என்பது மாநிலத்துக்குரிய நீதிமன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நம்முடைய அரசியலமைப்பிலோ உயர் நீதிமன்றமே நாட்டின் அதிமேலான நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதன்பின் மேல் நீதிமன்றமும் வருகின்றன. அடிப்படை உரிமை மீறல் மனுவை நிறைவேற்றுத்துறைக்கு எதிராக எங்கே, எத்தனை காலத்துக்குள் தாக்கல் செய்யலாம் என்று கேட்டால், 126ஆவது உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில், ஒரு மாதத்துக்குள் என்பதே நம் விடை. பல மாதம் அந்தக் காணொளிகளைக் கேட்டவர்கள் மண்டபத்தில் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், அத்தடுமாற்றம் அடுத்த பத்து வினாக்களையும் தொட்டுவிடும்.

நுண்ணறிவு வினாக்களுக்கு விதியொன்று போதும்: விடை தெரியாத வினாவுடன் மல்லுக்கட்டக் கூடாது. 2, 6, 12, 20, 30 என்ற தொடருக்கு அடுத்த எண் யாது எனக் கேட்டால், கீழே வித்தியாசங்களை எழுதுங்கள்: 4, 6, 8, 10. அடுத்தது 12, ஆகவே விடை 42. வித்தியாசத்தின் வித்தியாசத்தை எழுதியும் ஒழுங்கு தெரியவில்லையென்றால் சிறு புள்ளி ஒன்றை இட்டுவிட்டு நகருங்கள். கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்துச் செய்யும்போதே இந்த "விட்டுவிட்டுப் போதலை"யும் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டில் விடப் பழகாதவர் மண்டபத்தில் விடமாட்டார்.

நேர ஒழுங்கைக் காலநிலையுடன் பொருத்துவதும் அவசியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலுக்குப் பிறகு தகரக் கூரையின்கீழ் இருந்து படிப்பது உடலை வதைப்பது. விடியற்காலை நாலரை முதல் ஆறு மணிவரையான ஒன்றரை மணி நேரமே பெறுமதியானது. கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் போனால் பயன்படுத்துவதற்காகக் கையெழுத்துக் குறிப்புகளைத் தனியே வைத்திருங்கள். ஆனால் விடியலில் எழுவதற்காக உறக்கத்தை நான்கு மணி நேரமாக்குவது கடன் வாங்கிக் கடன் அடைப்பதற்கு ஒப்பாகும். பகலிற் படித்தது நினைவிற் படிவது உறக்கத்தில்தான். இரவு எட்டு மணிக்குப் பின்னர் பிளேன்டீயையும் விட்டுவிடுங்கள்.

படபடப்பு வந்துவிட்ட வேளையில் செய்யக்கூடியது எளியது: நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு அல்லது ஏழு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இதையும் மாதிரிப் பரீட்சைகளின்போதே பழகிக்கொள்ள வேண்டும். மாலையில் கல்லடிக் கடற்கரையிலோ திருக்கோவில் கரையிலோ அரைமணி நேரம் நடப்பது எந்த அட்டவணையையும் கெடுத்துவிடாது. உறக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, அதைப் பரீட்சைப் பயம் என்று ஒதுக்காமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உறவினர்களின் அக்கறையும் ஒரு பாரந்தான். "என்ன மகள், எப்ப கறுப்புக் கோட்டுப் போடுற?" என்று கோயில் வாசலில் கேட்கும் மாமிக்கு, "முடிவு வந்தா முதல் ஆளா உங்களுக்குத்தான் சொல்லுவன் மாமி" என்ற ஒரே விடையை எப்போதும் வைத்திருப்பது நல்லது. பரீட்சைத் திகதியை வீட்டிலுள்ளவர்களைத் தவிர எவருக்கும் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு, அவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

அனுமதி அட்டையில் கொழும்பு நிலையமொன்று குறிக்கப்பட்டிருந்தால், இரவு ரயிலில் இருந்தபடி விடிந்து, முகம் கழுவிக்கொண்டு நேரே மண்டபத்துக்குச் செல்லும் திட்டத்தைக் கைவிடுங்கள். முந்தைய நாளே சென்று, தங்குமிடத்திலிருந்து நிலையத்துக்கு ஒருமுறை நடந்தோ பஸ்ஸிலோ போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனைகள், கைக்கடிகாரம் ஆகியவற்றை அன்றிரவே ஓர் உறையில் இட்டுவிட வேண்டும். காலையில் பழகிய உணவையே உண்ணுங்கள். கொழும்பில் புதிய கடையைச் சோதிக்கும் நாள் அதுவன்று. முதல் வினாத்தாள் முடிந்ததும் வெளியில் கூட்டமாக நின்று விடைகளை ஒப்பிடுவார்கள். அந்தப் பக்கம் போகாமல், தண்ணீரைக் குடித்துவிட்டு, நிழலான இடமொன்றில் தனியே இருந்து அடுத்த மணிக்காகக் காத்திருங்கள்.