வேலையே இல்லாத உலகில் ஒரு செவ்வாய்க்கிழமை: கற்பனை செய்வது எப்படி?

வேலைக்குப் போக வேண்டாம், தேவையானதெல்லாம் கிடைக்கும் என்றதும் மனசு நேராக விடுமுறைக்குத்தான் ஓடும். முதலில் அதை நிறுத்துங்கள். விடுமுறை இனிப்பதே வேலைக்கு நடுவில் வருவதால்தான். அதற்குப் பதில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்த வாழ்க்கை பழகிப் பத்து வருஷம் ஆன பிறகு வரும் செவ்வாய், ஏனென்றால் முதல் சில மாதங்கள் எல்லோரும் தூங்கியே தீர்ப்பார்கள்.

காலையிலிருந்து மணிவாரியாக எழுதுங்கள். ஏழு மணிக்கு எதற்கு எழுந்தீர்கள்? யாராவது உங்களுக்காகக் காத்திருக்கிறார்களா? சும்மா கேட்கவில்லை. ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் நெசவாலை மூடியபின், 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நின்று நின்று, மெதுவாக நடந்தார்கள். அங்கே வறுமையும் இருந்தது, அதனால் அப்படியே நம் கற்பனைக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மரீ யஹோதா பின்னாளில் பிரித்துக் காட்டியது உதவும்: சம்பளம் போக, நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பொதுவான நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைக்கு ஒரு காரியம் என்று ஐந்தையும் வேலை தருகிறது. இவை உங்கள் செவ்வாயில் எங்கிருந்து வருகின்றன என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். காலியாக நிற்கும் இடத்தில் மினுக்கும் ரோபோவை வைத்து மூடாதீர்கள்.

சரி, எது அப்போதும் எல்லோருக்கும் கிடைக்காது? கடலைப் பார்த்த வீடு, கச்சேரியில் முதல் வரிசை, ஒரு நல்ல ஆசிரியரின் முழுக் கவனம். இவற்றை எப்படிப் பங்கிடுவது: வரிசையா, குலுக்கலா, முறைவைத்தா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கிடைக்காதவர் என்ன சொல்லிச் சண்டை போடுவார் என்று எழுதிப் பாருங்கள். அதோடு, நள்ளிரவில் சாக்கடை அடைத்தால் யார் வருவார்கள்? இயந்திரம் என்றால், அது பழுதானால்?

அடியோடு வேலையில்லாத நாள் பிடிபடவில்லையா, பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் வழியில் தொடங்குங்கள். நூறு ஆண்டுகளில் வாரம் 15 மணி நேர வேலை போதும் என்று 1930இல் எழுதிய அவரே அதைப் பூஜ்யமாக்கவில்லை, மனிதருக்குக் கொஞ்சமாவது வேலை வேண்டியிருக்கும் என்றார். முதலில் நாளுக்கு 3 மணி நேரம் வையுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

கடைசியாக, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரையும் அதே செவ்வாயைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஆறு மணிக்கு மிருதங்கம் பழகுவீர்கள், அவர் பத்து வரை தூங்குவார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து அடுத்த வரைவை எழுதுங்கள்.