ஃபோசீலோ புதைபடிவம் அல்ல: எஸ்பெராண்டோ கருவிச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருவாக்கப்பட்ட மொழியான எஸ்பெராண்டோவில் ‘ஃபோசீலோ’ என்ற சொல்லைப் பார்த்ததும், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் புதைபடிவம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது மண் தோண்டும் கருவி. ‘ஃபோசி’ என்றால் தோண்டுவது. அந்த வேரோடு கருவியைக் குறிக்கும் ‘இல்’ விகுதியும், பெயர்ச்சொல்லுக்கு உரிய ‘ஓ’வும் ஒட்டியிருக்கின்றன. நம் ‘மூடு’ ‘மூடி’ ஆவது போலத்தான். புதைபடிவத்துக்கு ‘ஃபோசிலீயோ’ என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் பின்னோக்கித் தேடிப் போனால் தோண்டுவதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையில் போய் நிற்போம். ஆனால் முதல் சொல் எஸ்பெராண்டோவுக்குள்ளேயே கட்டப்பட்டது. அடுத்தது வெளியிலிருந்து முழுசாக வந்தது. இதைக் கவனிக்காமல் எழுதும் சொற்பிறப்பு விளக்கம் முதல் வரியிலேயே தடம் மாறிவிடும்.

இந்த மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட அதன் முதல் நூலில் சுமார் 900 வேர்களே இருந்தன. அந்தக் கொஞ்ச வேர்களிலிருந்து நிறையச் சொற்களை உண்டாக்கிக்கொள்ளத்தான் இத்தகைய விகுதிகள். அதனால் சீப்பைக் குறிக்கும் ‘கொம்பீலோ’ எந்த மொழியிலிருந்து வந்தது என்று முழுச் சொல்லுக்கும் ஊர் தேட வேண்டாம். வேருக்கு மட்டும் தேடினால் போதும்.

சரி, எல்லாக் கருவிக்கும் ‘இல்’ சேர்த்துவிடலாமா? கூடாது. சுத்தியலுக்கு ‘மார்த்தேலோ’. இத்தாலியில் ‘மார்தெல்லோ’, பிரெஞ்சில் ‘மார்த்தோ’. அந்தக் குடும்பத்துச் சொல் இது. இங்கே வேரே கருவியின் பெயர். சுத்தியலால் அடிப்பதற்கு ‘மார்த்தேலி’ என்ற வினை அதிலிருந்து பிறக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்யும் பிரஷைக் குறிக்கும் ‘ப்ரோசோ’வும் அப்படியே. ஆனால் ‘கொம்ப்’ என்ற வேர் செயலைக் குறிப்பது. ஆகவே ‘கொம்போ’ என்றால் சீப்பு இல்லை, தலை வாரும் செயல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்கள் இப்படிப் பிரிவது எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம். பலர் சறுக்குவதும் இங்கேதான். ஒரு வேர் பொருளைச் சொல்கிறதா, செயலைச் சொல்கிறதா என்று அகராதியில் பார்த்துவிட்டே விகுதியைத் தொடுங்கள்.

அப்புறம், ‘இல்’ என்ற ஒலி கேட்கும் இடமெல்லாம் கருவி இல்லை. ‘உத்தீலா’ என்றால் பயனுள்ள என்று பொருள். அதில் உள்ள ‘இல்’ லத்தீன் ‘ஊத்திலிஸ்’ என்ற சொல்லோடு வந்தது, பிரிக்க முடியாது.

கடைசியாக ‘ஈலோ’. கருவி என்பதற்கான பொதுச்சொல் இது. இதற்கு ஐரோப்பிய மொழிகளில் தாய்ச்சொல் தேடி அலைய வேண்டாம். அதே ‘இல்’ விகுதிதான், ‘ஓ’வைச் சேர்த்துக்கொண்டு தனிச்சொல்லாக எழுந்து நிற்கிறது.